குளிர வைக்க மாட்டேன்

1

மொரீஷியஸ் தீவுக்கு வந்து இந்த ஆடியோடு ஐந்து வருஷம் முடிகிறது. நான் இங்கே கடலைப் பார்த்ததைவிடப் பாரங்களைப் பார்த்ததுதான் அதிகம். வருஷா வருஷம் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மெடிக்கல் போக வேண்டும். ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள், கடைசியில் டாக்டர் எதிரில் உட்கார்ந்து ஒரு பாரத்தை நிரப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு பனியன் துணி மில்லில் நிட்டிங் மாஸ்டர். நான் எட்டாவது வரை படித்தவள். பாரம் இங்கிலீஷில் இருக்கும், டாக்டர் பிரெஞ்சில் கேட்பார், நர்ஸ் கிரியோலில் அதட்டுவாள். முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் "வி, வி", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, எனக்கு ஆஸ்துமாவும் இரண்டு ஆபரேஷனும் இருப்பதாக ஏறிவிட்டது. அதை அடித்து வாங்க ஒரு வாரம் அலைந்தோம்.

அதிலிருந்து என் மகள் கீர்த்தனாதான் பாரம் நிரப்புகிறாள். பதிமூன்று வயது. கனவில்கூடக் கிரியோலில்தான் உளறுகிறாள். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழைத் தேடி எடுப்பாள், அலமாரியில் பழைய சேலையைத் தேடுகிற மாதிரி. "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா" என்று அதில் ஒரு கேள்வி. வருஷா வருஷம் என்னைக் கேட்காமலே "இல்லை" போட்டுவிடுவாள். இந்த வருஷம் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமான்னு போடு கண்ணு."

"யாருக்கும்மா?"

"உன்ற சித்திக்கு."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. என்ன நோய் என்று டாக்டர் கேட்டார். எனக்கு நோயின் பெயர் தெரியாது. அதைக் கொடுத்த ஆளின் பெயர் தெரியும். பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஊரிலிருந்து டாக்டர் சீட்டு வாங்கி வரும்வரை பெர்மிட் கிடையாது என்று மூடி வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா?" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் மேல் போட்டு என்ன செய்தோம் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. அதிலும் அந்த வாரம் மறக்கவே முடியாது. மூன்று நாள் முன்னால்தான் நான் பிறந்த ஊரான குண்டடத்திலிருந்து போன் வந்திருந்தது.

2

போன் செய்தது சிவகுமார், என் பெரியப்பாவின் மகன். எனக்குத் தம்பி முறை. ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லாதவன், எடுத்ததும் சௌக்கியமா கேட்டான், மழை கேட்டான், பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டான். அப்புறம் மெதுவாக வந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு மேலெல்லாம் எரியுதுங்க. ஈரத் துண்டப் போத்திட்டு உக்காந்திருக்காரு. துணி மேல பட்டாக் கத்தறாருங்க."

மூன்று டாக்டரிடம் காட்டினார்களாம். சர்க்கரை ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்கிறார்களாம். ஆனால் தாராபுரம் பக்கம் குறி சொல்கிற ஒருவர், இது மிளகாய் எரிச்சல், பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அரைத்தது என்று சொல்லிவிட்டாராம்.

அரைத்தது நான்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்து, கேட்க ஆளில்லை என்றால் ஆனைமலைக்குப் போவோம். மாசாணியம்மன் கோயிலில் ஆட்டுக்கல்லில் வரமிளகாயை அரைத்து, அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி அங்கே இருக்கிற நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவோம். அது காய்வதற்குள் அவன் உடம்பில் எரிய ஆரம்பிக்கும் என்பார்கள். பெரியப்பாவுக்கு எரிய ஐந்து வருஷம் ஆனது. காரியம் முடிந்ததும் அரைத்தவர்களே திரும்பப் போய் அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து குளிர வைக்க வேண்டும். வேறு யார் செய்தாலும் சேராது.

"ஒருக்கா வந்து எண்ணெய் ஊத்திட்டுப் போனீங்கன்னாப் போதுமுங்க. டிக்கெட்டு நான் போட்டர்றேன்."

அவனை அப்படியே காத்திருக்க வைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள், கோயிலில் மாவிளக்குப் பிடிக்கிறவள் இப்படி எழுதலாமா என்று தோன்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லு என்று கேட்டு வாங்கினேன். மாத்திரை போட்டால் கை நடுங்குகிறதாம், டம்ளரைப் பிடிக்க முடியவில்லையாம். மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடிப்பதால் மருமகள் சோற்றில் பிசைந்து கொடுக்கிறாளாம். ஒவ்வொன்றும் என் தங்கை தனத்துக்கு நடந்தது. அம்மன் வரிசை மாறாமல் எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா மதாம் வீராசாமியிடம் கேட்டு, அவர் கொல்லையில் இருக்கிற அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். தமிழ் வம்சம், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் தைப்பூசத்துக்கு நாக்கில் வேல் குத்திக்கொள்வார். அம்மியை இங்கே ரோஸ் காரி என்கிறார்கள். மிளகாய் கூடிப்போய்விட்டது. வீட்டுக்காரர் தண்ணீர் தண்ணீர் என்றார்.

3

தனம் என்னைவிட ஏழு வயது சின்னவள். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு நான்தான் அவளைக் குண்டடத்திலிருந்து, பனியன் கம்பெனி ஊரான நெருப்பெரிச்சலில் இருந்த என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஓவர்லாக் டெய்லர் ஆனாள். மெஷினில் நூல் அறுந்தால், சத்தம் நின்றதே என்று நாம் திரும்புவதற்குள் கோத்து முடித்து அடுத்த பீஸை ஓட்டிக்கொண்டிருப்பாள். அவள் மெஷினுக்குக் கைமடி ஜெசிந்தா. தைத்து வருகிற துணியைப் பிரித்து மடிக்கிறவளைத்தான் கைமடி என்போம். உடன்குடிப் பக்கத்துப் பெண், வேதக்காரர்கள். ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் தின்பார்கள். ஒருத்திக்கு லீவு என்றால் இன்னொருத்திக்குக் காய்ச்சல் வந்துவிடும். சிநேகிதம் என்றுதான் நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க எனக்கு வார்த்தை இல்லை.

அவிநாசித் தேருக்கு மூவரும் போனோம். "எக்கா, ஒங்க சாமி தேர நான் இழுத்தா எங்க மாதா கோவிச்சுக்கிடுமோ?" என்று ஜெசிந்தா கேட்டாள். கோவித்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சிலுவை போட்டுவிட்டு வடம் பிடித்தாள். நான் அர்ச்சனைக் கூட்டத்தில் நின்ற நேரத்தில் இரண்டு பேரும் பச்சை குத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். இவள் கையில் 'ஜெசி', அவள் கையில் 'தனம்'.

அதுதான் காட்டிக் கொடுத்தது. பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் தனம் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதாரு ஜெசி, உன்ற புருசனா?" என்று கேலி செய்தார். வரிசையே சிரித்தது. தனம் வாளியைக் கீழே வைக்காமல், "அப்பிடித்தானுங்க பெரீப்பா" என்றாள். அதற்கும் வரிசை சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் மேனேஜரிடம் பேசி இரண்டு பேர் வேலையையும் தீர்த்தார். ஜெசிந்தா தங்கியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லி அவள் பெட்டியைத் தெருவில் வைக்கச் செய்தார். தனத்தைக் குண்டடத்துக்குக் கொண்டுபோய்த் தோட்டத்துக் குடிசையான சாளையில் போட்டு வெளியே பூட்டினார். யாரோ ஒரு டாக்டரிடம் காட்டினார். அந்த ஆள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெரியப்பாவிடமே எல்லாம் கேட்டுக்கொண்டு, இது மனநோய், மாத்திரை கொடுங்கள், அடங்கினதும் கல்யாணம் செய்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எட்டு மாசம். அந்த மாத்திரையில் அவளுக்கு நாக்குத் தடித்தது, எச்சில் வழிந்தது, கை நடுங்கத் தொடங்கியது. நான் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் போவேன். யார் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள், என் கையால் என்றால் மட்டும் தின்பாள். அதனால் பெரியப்பா மாத்திரையை என்னிடம் கொடுத்துவிடுவார். பச்சைப்பயறு கடைந்த சோற்றில் நசுக்கிக் கலந்து ஊட்டிவிட்டு, ஒரு வாரத்துக்கானதை நான் இடித்த பருப்புப் பொடியில் கலந்து, அக்கா கொடுத்தது என்று சொல்லிப் போடும்படி காவல்காரக் கிழவியிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

4

அதே வருஷம் சிவகுமாருக்கும் வந்தது. நிச்சயம் செய்த பெண் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இவன் தின்னவில்லை, தூங்கவில்லை, கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? கோயமுத்தூரில் பெரிய டாக்டரைப் பிடித்தார். தினமும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தின்றார். பழனிக்கு அவனோடு நடந்தே போனார். பங்காளிகள் முறை வைத்துக் காவலுக்கு வந்தார்கள், சீட்டு விளையாடினார்கள், அவன் சிரித்தால் ஊரே சிரித்தது. அவன் தேறினான். தேறட்டும், நல்ல பையன்.

ஒரே இரத்தம், ஒரே வருஷம், ஒரே தோட்டம். கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் சாளை தெரியும். அவனுக்கு வந்தது மனக்கஷ்டம், இவளுக்கு வந்தது குடும்ப அவமானம். அவனைக் கேட்க ஐம்பது பேர். இவளைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிற ஒருத்தி. அவள் கையிலும் மாத்திரைப் பொட்டலம்.

இங்கே கீர்த்தனா படிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் போய்ப் பேச ஒரு மதாம் இருக்கிறாள். மெடிக்கலில் நடந்ததற்குப் பிறகு கீர்த்தனா விடாமல் கேட்டாள். சித்திக்குத் தலைவலி என்றுதான் இத்தனை வருஷம் சொல்லி வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னேன். அவள், "அந்த ஆன்ட்டியப் பிடிக்கும். அவ்வளவுதானா? அதுக்கா பூட்டினாங்க?" என்றாள். அவளுடைய ஒடிந்த தமிழில் அது இன்னும் சின்ன விஷயமாகக் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. என் மகள் என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஊருக்கு எழுதுகிற கடிதத்தில் எல்லாம் அழுவேன். போனால் போகட்டும், நல்ல பக்கம்தான் போகிறாள் என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

தனத்துக்கு மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்த வாரம் அவள் உயிரை விடப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து பிழைத்தாள். பங்காளிகளில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஜெசிந்தா கேட்டுக்கு வெளியே பத்து நாளும் நின்றாள். பெரியப்பா உள்ளே விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். பதினோராம் நாள் தனம், தானே எழுந்து நடந்து, நர்ஸிடம் தானே கையெழுத்துப் போட்டு, கேட்டைத் தாண்டிப் போய் ஜெசிந்தா தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஹார்லிக்ஸ் கலக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

இரண்டு பேரும் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார்கள். ஜெசிந்தா தைக்கிறாள். தனம் பட்டன் கட்டுகிறாள், இஸ்திரி போடுகிறாள். மெஷினில் உட்கார முடியாது. கை நடுக்கம் நிற்கவே இல்லை.

அந்த ஆடியில்தான் இங்கே வேலை கிடைத்துக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஆனைமலைக்குப் போனேன். ஈரப் புடவையோடு மிளகாயை அரைத்தேன். "குண்டடம் கருப்பண்ணன் மகன் பழனிச்சாமி" என்று மூன்று தடவை சொல்லிப் பூசினேன். கை இரண்டு நாள் எரிந்தது. விமானத்தில் அந்த எரிச்சலோடுதான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தைரியமாக இருந்தது.

5

சிவகுமார் மறுபடி கூப்பிட்டான். நான் என் பேச்சை வைத்தேன். காதுகுத்துக்கு வந்த அத்தனை பேரையும் கூட்டி, அவர்கள் முன்னால் உன் அப்பா தன் வாயால், அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை, கெடுத்தது நான் என்று சொல்லட்டும். அப்புறம் எண்ணெயைப் பார்க்கலாம்.

"சாகப் போற மனுசன்ற கிட்டப் போயிங்களாக்கா..."

"அவ சாகப் போனப்ப நீ எங்கிருந்த கண்ணு?"

 "நானும் அப்ப மாத்திரை தின்னுட்டுத்தான் இருந்தேனுங்க" என்றான். "எனக்கு ஆரும் பூட்டுப் போடலீங்க. அது எனக்குத் தெரியுமுங்க்கா. கெணத்து மேட்ல உக்காந்து சாளையத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவனைத் திட்ட வைத்திருந்ததையெல்லாம் விட்டு, இப்போது தூங்குகிறாயா கண்ணு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெரியப்பா போனை வாங்கிவிட்டார். குரல் கோழிக்குஞ்சு மாதிரி ஆகியிருந்தது. "நல்லதுக்குத்தான் செஞ்சேன் சாமி. ஒருக்கா ஊத்தி உட்ரு" என்றார். செய்தேன் என்றுதான் சொன்னார், தப்பு என்று சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

இதைத் தனத்திடம் சொல்ல வேண்டுமே. ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசியது நாலைந்து தடவை, அதுவும் ஊம் என்பதற்கு மேல் இல்லை. இந்தச் செய்தி கேட்டால் பேசுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒரு பரிசு கொண்டுபோகிற மாதிரித்தான் போன் கார்டைச் சுரண்டினேன்.

எல்லாம் சொன்னேன். எரிச்சல், ஈரத்துண்டு, டம்ளர், சோற்றில் மாத்திரை. குளிர வைக்க மாட்டேன், நீயே கெஞ்சினாலும் மாட்டேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் நாக்கு இன்னும் மெதுவாகத்தான் புரள்கிறது.

"ஜெசி பேப்பர் படிச்சா. டெல்லியில ஒரு கோர்ட்டு இதெல்லாம் குத்தமில்லைன்னு சொல்லிருச்சாமா" என்றாள். "அப்ப எனக்குக் குடுத்த மாத்திரைக்கு ஆருக்கா தீர்ப்புச் சொல்லுவா?"

"அம்மன் சொல்லிட்டா கண்ணு. அதத்தான சொல்றேன்."

"அரைக்கறப்ப ஆரு பேரச் சொன்ன?"

"பெரீப்பா பேரு."

"சோத்துல கலக்குனது ஆரு?"

சுரண்டின போன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அவரு பூட்டுனாரு. பூட்டுன்னு தெரிஞ்சு திட்டுனேன், கதவ ஒதைச்சேன். அவரு கையில சோறு திங்கலீல்ல நான். உன்ற சோறுன்னு நம்பித் தின்னேன்."

அப்புறம் போன் ஜெசிந்தா கைக்குப் போய்விட்டது. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எக்கா, அவ அழுதா. பொறவு பேசுவோம். இன்னிக்கும் பட்டன் ஊசிக்கு நாந்தான் நூல் கோத்துக் குடுக்கேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

6

மருந்து என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், நோய் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், எனக்கு என்ன தெரியும், எட்டாவது படித்தவள். இதையெல்லாம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். விளக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அது பெரியப்பா குரலாகவே கேட்டது. நல்லதுக்குத்தான் செய்தேன் சாமி.

ஆனைமலையில் நான் நின்ற அன்றைக்கு என் மடியில் அந்த மாத்திரை, பட்டையிலிருந்து பிரித்த மிச்சம் ஒன்று, முடிச்சில் கிடந்தது. முந்தின மாசம் முடிந்து வைத்தது, எடுக்க மறந்துபோனது. ஈரப் புடவையைப் பிழியும்போது அது கரைந்து வெள்ளையாக வழிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் ஒரே பெயரைத்தான் சொன்னேன்.

பெர்மிட் வந்துவிட்டது. சீட்டுக் கேட்டார்களே, அது கிடைக்கவில்லை. சிவகுமாருக்குக் கோயமுத்தூர் டாக்டரின் பைல் இத்தனை மொத்தம் பத்திரமாக இருக்கிறது. தனத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எட்டு மாசம் ஒருத்திக்கு மாத்திரை கொடுத்ததற்கு உலகத்தில் சாட்சி இல்லை. கடைசியில் கம்பெனியில் பெர்மிட் வேலை பார்க்கிறவர் வேறு பாரம் கொண்டுவந்து "இல்லை" என்று அடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் நிம்மதியாகக் காப்பி கேட்டார்.

நேற்று மறுபடி மதாம் வீராசாமியின் அம்மியில் உட்கார்ந்தேன். வரமிளகாயை வைத்து அரைத்தேன். சமையலுக்கு இல்லை. இன்னொரு பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான். வாய் வரவில்லை. கண்ணீர் வந்தது, அது மிளகாய்க் காரம் என்று நினைத்து அவர் தயிர் கொண்டுவந்து என் கையில் தடவினார். இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே நின்று சொன்னால் யார் காதில் விழும்? அங்கேயே போய்த்தான் சொல்ல வேண்டும்.

சிவகுமாருக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன். டிக்கெட் வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் அழுதுவிட்டான். செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் ஒரு டின் சொல்லி வைத்துவிட்டானாம். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆனைமலைக்குக் கார். பெரியப்பாவையும் கூட்டி வருகிறேன் என்கிறான், எண்ணெய் ஊற்றும்போது அவர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் அடங்குமாம். கூட்டி வா கண்ணு, அவசியம் கூட்டி வா, பங்காளிகளையும் கூட்டிக்கொள் என்றேன். ஈரத்துண்டு இரண்டு மூன்று எடுத்துக்கொள் என்றும் சொன்னேன்.

தூத்துக்குடிக்கு வரலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "அவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போய் இறங்குகிறேன். மிளகாய் கோயில் வாசலிலேயே கிடைக்கும். பெரியப்பா பார்க்க, பங்காளிகள் பார்க்க அரைப்பேன். குண்டடம் கருப்பண்ணன் மகன் பழனிச்சாமி என்று மூன்று தடவை சொல்வேன். அவர் தம்பி மகள், தனலட்சுமிக்கு மூத்தவள், சரஸ்வதி என்று மூன்று தடவை சொல்வேன். இரண்டு பேர் மேலும் எரியட்டும். என்றைக்குக் குளிர வைப்பது என்று தூத்துக்குடியில் இருக்கிறவள் சொல்லட்டும். அதுவரைக்கும் எண்ணெய் டின் கார் டிக்கியிலேயே கிடக்கட்டும்.